சால்னா தனியே

தூத்துக்குடியில் துறைமுகத்துக்குப் போகிற சாலையில், மீன்வலைக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் மேலே மாடியில் இருக்கிற நீலக்கரை குடும்ப உணவகத்தில், சனி ஞாயிறு சாயங்காலங்களில் பதினோரு வருஷமாகப் பாடிக்கொண்டிருந்த ஹெர்மன் கொரைரா, ஒரு சனிக்கிழமை பாடி முடித்து, மைக்கை அணைத்து, வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் போட்டு, பேனா இருக்கிறதா என்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்து, ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பி வீட்டுக்குப் போனபோது எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனார், பாட்டை மட்டும் விட்டுவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் காலையில் தரை துடைக்க வந்த பெண்கள் நாற்காலிகளை மேசைமேல் கவிழ்த்துக்கொண்டிருக்கையில், நாலாம் நம்பர் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே, மின்விசிறிக்கு ஒரு முழம் கீழே, பாட்டு அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. அவர்கள் அதற்கு அடியிலும் துடைத்தார்கள், துடைப்பக்கட்டை அதன்மேல் இடித்துவிடாமல் கொஞ்சம் குனிந்துகொண்டார்கள், பிறகு போய் முதலாளியிடம் சொன்னார்கள். முதலாளி தவசிமணி வந்து இடுப்பில் கைவைத்து, தலையை நிமிர்த்தி, முழுப்பாட்டையும் ஒருதரம் கேட்டுவிட்டு ஹெர்மனுக்குப் போன் போட்டார்.

"வே, நேத்து உம்ம பாட்டை இங்கன விட்டுட்டுப் போயிட்டீரு. வந்து எடுத்துட்டுப் போரும்."

"எந்தப் பாட்டு அண்ணாச்சி?"

"அந்தச் சால்னா பாட்டுத்தான்."

ஹெர்மன் கண்ணை மூடிக்கொண்டார். எத்தனையோ ஆயிரம் பாட்டுப் பாடியிருக்கிறார், அதில் இரண்டோ மூன்றோ நன்றாகக்கூட இருந்திருக்கும், ஒருமுறை ஒரு மழைநாளில் ஒருத்தர் எழுந்து நின்று கைதட்டினார் (அவர் கைகழுவ எழுந்தவர் என்று பிறகு தெரிந்தது, ஆனாலும் தட்டினார்). அதில் எதுவாவது தங்கியிருக்கக் கூடாதா? தங்கியது இது.

ஊரில் அவருக்கு ஹம்மிங் ஹெர்மன் என்று பெயர். நடுவே வரி மறந்துபோனால் மூக்கால் 'ம்ம்ம்' என்று இழுத்துக் கடந்துவிடுவார் என்பதால் வந்த பெயர் அது. புதிதாகப் பழகுகிறவர்களிடம், குரலில் இருக்கும் குழைவுக்காக வைத்தார்கள் என்று சொல்லுவார், சொல்லிவிட்டுத் தானே சிரித்தும்விடுவார். பகலில் கப்பல் சரக்குக் கம்பெனி ஒன்றில் குமாஸ்தா. ஐம்பத்திரண்டு வயது, தொப்பை, மேடைக்கென்று பளபளக்கிற ஊதாச் சட்டை ஒன்று. அதைப் போட்டால் பாடகர்போல இருப்பதாகப் பத்து வருஷம் நம்பியிருந்துவிட்டு, ஒருநாள் கைகழுவும் இடத்துக் கண்ணாடியில் தற்செயலாகப் பார்த்தபோது, பாதி உரித்த சாக்லேட்போல இருப்பதைக் கண்டுகொண்டார். அதற்கப்புறம் கண்ணாடிப் பக்கம் போகாமல் வெளிக்குழாயில் கைகழுவிக்கொண்டார், சட்டையை மாற்றவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவருடைய கல்யாணத்தின் இருபத்தைந்தாவது வருஷநாள். அவர் மனைவி செலஸ்டினா பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், கணவன் பாடுகிற இடத்துக்குப் பதினோரு வருஷத்தில் ஒருதரம்கூட வராதவள். அவளுக்காக ஹெர்மன் தன் ஆயுளிலேயே முதல்முறையாகச் சொந்தமாக ஒரு பாட்டு எழுதியிருந்தார். ஆபீஸில் மிஞ்சிய காகிதங்களின் பின்பக்கத்தில் நாலு மாதம் எழுதி, அடித்து, திருத்தி எழுதினார். முதல் சரணத்தில் கடலும் நிலாவும் எல்லாப் பாட்டிலும் வருவதுபோல வந்தன. அதெல்லாம் சும்மா. அவர் சொல்ல நினைத்தது இரண்டாவது சரணத்தில் இருந்தது. "ஒரே ஒருநாள், ஒரு அரைமணி நேரம் வா" என்று கெஞ்சியதில் செலஸ்டினா வந்தாள், நாலாம் மேசையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, ஒரு லெமன் சோடா சொன்னாள்.

ஹெர்மன் பாடினார். முதல் சரணம் தாண்டியது. பக்கத்தில் கீபோர்டு வாசிக்கிற ஜெபமலர், ஞாயிறு காலையில் தேவாலயத்தில் வாசித்துவிட்டுச் சாயங்காலம் இங்கே வாசிக்கிற பெண், அவள்கூடத் தலையை ஆட்டினாள். அப்போது ஹெர்மன் நிமிர்ந்து மனைவியின் முகத்தைப் பார்த்துவிட்டார். பார்த்ததும் இரண்டாவது சரணம் மொத்தமாகப் போய்விட்டது. 'ம்ம்ம்' என்று இழுத்தார், வரவில்லை. "அண்ணே, ரெண்டாவது சரணம்" என்று ஜெபமலர் கிசுகிசுத்தாள். அவருக்கு வந்தது ஒன்றே ஒன்றுதான். பாட்டுக்குப் பாட்டு இடைவெளியில் அன்றைய ஸ்பெஷல்களை அறிவிக்க வேண்டும் என்பது தவசிமணி போட்ட நிபந்தனை. பதினோரு வருஷமாக அறிவித்து அறிவித்து, உலகத்தில் ஹெர்மனுக்கு மறக்கவே மறக்காத வாசகம் அது ஒன்றாகிவிட்டது. உருக்கமான அந்த மெட்டில் அவர் வாய் தானாகப் பாடியது:

*இடியாப்பம் சொதியே...*
*சீலா வறுவலே...*
*ரெண்டு பரோட்டா, கண்ணே,*
*சால்னா தனியே...*

அந்தத் 'தனியே' மெட்டின் உச்சியில் விழுந்தது. அங்கே அவர் குரல் ஏறி, நின்று, தகரம் மடங்குவதுபோல மடங்கியது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நடுவே, நாலாம் மேசையில் நாற்காலி ஒன்று பின்னால் நகர்ந்தது: க்ரீச்.

பாட்டு முடிந்து பார்த்தபோது செலஸ்டினா இல்லை, பாதி சோடா இருந்தது. வீட்டுக்குப் போனால் அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். "எத்தனை?" என்று கேட்டாள். "மூணு" என்றார். அதைப் பற்றி அவ்வளவுதான் பேசினார்கள்.

இப்போது அந்தப் பாட்டு, மைக் ஊளையிட்டது, அவர் இருமியது, ஜெபமலர் கிசுகிசுத்தது, நாற்காலி கிறீச்சிட்டது, கடைசியில் அவர் மடக் மடக்கென்று தண்ணீர் குடித்தது, ஒன்று விடாமல் அந்தரத்தில் நின்று திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தது. ஒரு மட்டு மரியாதை அதற்கு இருந்தது: காலையில் கதவைத் திறந்தபின்தான் தொடங்கும், ஆள் இல்லையென்றால் பாடாது, ஒருதரம் பாடியபின் ஒரு தோசை வேகும் நேரம் ஓய்வெடுக்கும்.

ஹெர்மன் அதை எடுத்துப் போக முயன்றார். ஸ்டூல் போட்டு ஏறி, கையை நீட்டிப் பார்த்தார். உள்ளங்கையில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது, அவ்வளவுதான். எதிரே நின்று "போதும், இறங்கு" என்று அதட்டினார். எலெக்ட்ரீஷியன் வந்து ஸ்பீக்கரைக் கழற்றினார், பாட்டு நிற்கவில்லை; அவர் ஸ்பீக்கரை மாட்டிவிட்டு, மெட்டு நல்லா இருக்கு என்று சொல்லிப் போனார். பங்குச் சாமியார் வந்து கண்ணை மூடிக் கேட்டார், இதில் விசுவாசத்துக்கு விரோதமாக ஒன்றும் இல்லை, சுருதிக்குத்தான் விரோதம் என்றார், சீலா மீன் வறுவல் ஒரு பிளேட் சாப்பிட்டுவிட்டு, பாட்டையும் சமையல்காரரையும் சேர்த்து ஆசீர்வதித்தார். சுகாதார அதிகாரி ஒருவர் வந்து, பாட்டிலிருந்து சாப்பாட்டில் எதுவும் உதிர்வதில்லை என்று வெள்ளைத்தாள் விரித்துச் சோதித்து எழுதிக் கொடுத்தார். பிறகு யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மழைக்கு ஒழுகுகிற இடத்தில் வாளி வைத்துப் பழகிக்கொள்வதுபோல, பரிமாறுகிறவர்கள் அந்த இடத்தில் தட்டைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்து நடக்கப் பழகிக்கொண்டார்கள்.

அப்புறம் ஜனங்கள் வரத் தொடங்கினார்கள். கிரேன் ஓட்டுகிற ஒருவர் வேலைக்குப் போகுமுன் அதற்கு அடியில் நின்று ஒரு டீ குடித்தால் அன்றைக்குக் கை நடுங்குவதில்லை என்றார். சோறு உண்ண மாட்டேன் என்று அடம்பிடிக்கிற பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் வந்தார்கள். 'இடியாப்பம் சொதியே' என்னும்போது பிள்ளை வாயைத் திறக்கும், அந்த நேரம் ஊட்டிவிட வேண்டும். சங்கீத வாத்தியார் ஒருவர் மூன்றுநாள் உட்கார்ந்து கேட்டு, இது இரண்டு ராகங்களுக்கு நடுவே இருக்கும் சந்தில் மாட்டிக்கொண்ட பாட்டு, எந்தப் பக்கமும் சேராது என்று தீர்ப்புச் சொன்னார். புருஷன்மார் கப்பலில் இருக்கிற பெண்கள் சாயங்காலமானால் வந்து, போனைப் போட்டு, அந்தப் பக்கம் எந்த நாட்டுக் கடலோ, கையை உயர்த்திப் போனைப் பாட்டுக்கு நேரே பிடித்தார்கள். 'சால்னா தனியே' என்று அந்தக் குரல் உச்சியில் ஏறி மடங்குகிறபோது போனுக்குள்ளே ஒரு ஆம்பிளை அழுகிற சத்தம் கேட்கும், இங்கே பரோட்டா பிய்க்கிற கைகள் நின்றுவிடும். சால்னா தனி, பரோட்டா தனி, அவன் தனி, நான் தனி என்று ஒரு பெண் தன் போக்கில் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஹெர்மனே பார்த்தார். அந்த வார்த்தையைப் பார்சல் கட்டுகிற முறையைச் சொல்வதற்காகத்தான் பாடினேன் என்று அவளிடம் போய்ச் சொல்லவா முடியும்?

அதைவிட அவரை வாட்டியது அந்த க்ரீச். ஜனங்களுக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. அது என்ன வாத்தியம் என்று பந்தயம் கட்டினார்கள். பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் சேர்ந்தாற்போல நாற்காலியை இழுத்து க்ரீச் போட்டார்கள். அது தன் மனைவி தன்னை வெறுத்து எழுந்துபோன சத்தம் என்று ஹெர்மனுக்கு மட்டும் தெரியும். ஒருநாளைக்கு நாற்பதுதரம், ஐம்பதுதரம் அவள் எழுந்து போனாள்.

அவள் எழுந்துபோகக் காரணம் இருந்தது என்பதும் அவருக்குத் தெரியும். கல்யாணத்துக்கு முந்தி இரண்டு பேரும் மாதா கோயில் பாடகர் குழுவில் இருந்தார்கள். செலஸ்டினா பாடினால் மெழுகுவர்த்திச் சுடர்கூட ஆடாமல் நிற்கும். ஹெர்மன் அவளுக்குப் பின்வரிசையில், தப்பாகப் பாடினாலும் தெரியாத இடத்தில் நிற்பார். பதினோரு வருஷத்துக்கு முன்னால் தவசிமணி அவர்கள் வீட்டுக்கு வந்து கதவைத் தட்டினார். திறந்தவர் ஹெர்மன். "திருவிழாவுல கேட்டேன். நம்ம கடையில பாடணும். பாடுறவுக இருக்காகளா?" என்றார் தவசிமணி. அப்போது ஹெர்மனின் வாய், மூளையைக் கேட்காமல், "நான்தான் அண்ணாச்சி" என்றது. தவசிமணி அவரை மேலும் கீழும் பார்த்தார், உள்ளே அடுப்படிப் பக்கம் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். மரியாதை தெரிந்த மனுஷன், வீடேறி வந்துவிட்டு இல்லையென்று சொல்ல முடியாமல், "சனிக்கிழமை வாரும்" என்று சொல்லிப் போனார். அதைத்தான் ஹெர்மன் இரண்டாவது சரணத்தில் எழுதியிருந்தார். அதைத்தான் இடியாப்பம் மூடிவிட்டது.

மூன்றாவது மாதம் தவசிமணி அவரைத் தனியே கூப்பிட்டார்.

"வராதீருன்னு சொல்லல, கேட்டீரா. நீரு பாடுத நேரத்துல அது பாட முடியாம நிக்குது. சனங்க அதைக் கேக்கத்தான் வாராக. நீரு வாரும், உக்காரும், சாப்பிடும்."

"என் பாட்டுக்கு நானே எடஞ்சலா அண்ணாச்சி?"

"அப்படிப் பட்டுன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணட்டும்."

இப்படியாக ஹெர்மன் கொரைரா, தன்னுடைய மிக மோசமான பாட்டினால் தன் வேலையை இழந்து, அதே உணவகத்தில் சனி ஞாயிறு சாயங்காலங்களில் ஊதாச் சட்டையோடு போய் உட்கார்ந்து காசு கொடுத்துச் சாப்பிடுகிறவரானார். ஒருநாள் எதிரே இடமில்லாமல் வந்து உட்கார்ந்த கோவில்பட்டிக்காரர் ஒருவர், பாட்டைக் கேட்டபடி பரோட்டாவைச் சால்னாவில் முக்கிக்கொண்டே, "பாவம்ங்க, பாடிக்கிட்டே போயிட்டாராமே" என்றார்.

"யாரு?"

"இதைப் பாடினவருதான். தனியேன்னு இழுத்தாரு பாருங்க, அந்த மூச்சோட போயிட்டாராம். ஒரு சத்தம் கேக்குதே, அது நாற்காலியோட சாஞ்ச சத்தம்."

ஹெர்மன் தண்ணீர் குடித்தார். "நல்லாப் பாடுவாரோ?"

"உசுரோட இருக்கையில சுமார்தானாம். செத்த பொறவுதான் குரல்ல ஒரு களை வந்திருக்கு."

நிமிர்ந்து பார்த்தால், கல்லாப்பெட்டிக்கு மேலே, பழைய விளம்பரத் தாளிலிருந்து வெட்டிய ஹெர்மனின் படம் சட்டம் போட்டு மாட்டியிருந்தது, சந்தனமாலையோடு. அவர் எழுந்து தவசிமணியிடம் போனார்.

"அண்ணாச்சி, நான் உசுரோட இருக்கேன்."

"எனக்குத் தெரியாதா வே? வாறவுக ஆளாளுக்கு மாலை வாங்கிட்டு வந்து குடுக்காக, வேண்டாம்னா வருத்தப்படுதாக. போட்டோவுல நீரு நல்லா இருக்கீரு, பாரும்."

நன்றாகத்தான் இருந்தார். அதுதான் இன்னும் வருத்தமாக இருந்தது.

அன்றைக்கு ஹெர்மனுக்கு ரோஷம் வந்துவிட்டது. ஒரு வாரம் வீட்டு மொட்டைமாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே நின்று இரண்டாவது சரணத்தை மனப்பாடம் செய்தார், மறக்காதிருக்க இடது உள்ளங்கையிலும் எழுதிக்கொண்டார், ஜெபமலரிடம் போய்த் தனக்காக ஒரே ஒரு பாட்டு வாசிக்கும்படி கேட்டார். "சரியான பாட்டைக் கேட்டா சனம் தப்பான பாட்டை விட்டுரும் ஜெபா" என்றார். ஜெபமலர், "அண்ணே, சனத்தைப் பத்தி உங்களுக்கு ரொம்ப நல்ல அபிப்பிராயம்" என்றாள், ஆனாலும் வாசித்தாள்.

மாதா கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறின வாரம் அது, கடையில் கால் வைக்க இடமில்லை. பாட்டு ஒருசுற்று முடிந்து ஓய்வில் இருந்த நேரம் பார்த்து ஹெர்மன் மைக்கைப் பிடித்து, இருமாமல், மறக்காமல், சுருதி விலகாமல், இரண்டு சரணத்தையும் முழுசாகப் பாடினார். அவர் வாழ்நாளில் அதைப்போல ஒழுங்காகப் பாடியதில்லை. ஒரு இலைகூட அசையாத மத்தியானம்போலக் கடை அப்படியே இருந்தது. யாரோ கொட்டாவி விட்டார்கள். பிறகு பின்மேசையிலிருந்து ஒருவர், "யாருய்யா இது, செத்த மனுசன் பாட்டைப் போட்டு இந்தக் கொலை கொல்லுதான்?" என்றார். இன்னொருவர், "சட்டைகூட அவரை மாதிரியே போட்டுட்டு வந்திருக்காம்லே" என்றார். அந்த நேரம் பார்த்து மேலே நின்ற பாட்டு தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க, கடை மொத்தமும் தலையை நிமிர்த்தியது. ஹெர்மனின் உள்ளங்கையில் வியர்வையில் எழுத்துகள் கரைந்து, ஒரு சரணம் முழுக்க நீலக் கறையாகிக் கிடந்தது.

வீட்டுக்குப் போனார். செலஸ்டினா சாப்பாட்டு மேசையில் விடைத்தாள் கட்டைப் பிரித்து வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்திக்கொண்டிருந்தாள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். இனிமேல் இழக்கத் தன்னிடம் எதுவும் இல்லை, செத்தாயிற்று, மாலையும் போட்டாயிற்று, பயம் எதற்கு என்று தோன்றியது.

"செலஸ்டீ, அண்ணாச்சி அன்னைக்கு என்னையத் தேடி வரல. உன்னையத்தான் கேட்டு வந்தாரு."

"என்னைக்கு?"

"பதினோரு வருசத்துக்கு முன்னாடி."

அவள் ஒரு கணக்குக்குக் குறுக்கே கோடு போட்டாள். "தெரியும்."

"தெரியுமா?"

"அடுப்படிக்கும் வாசலுக்கும் பன்னெண்டடி. எனக்குக் காது கேக்கும்."

"அப்பவே ஏன் ஒண்ணும் சொல்லல?"

"நீங்க நான்தான்னு சொன்ன வேகத்தைக் கேட்டேன். ரேஷன் கடையில பேரைக் கூப்பிட்ட மாதிரி ஓடிப்போய் நின்னீங்க. சரி, ஆசைப்படுறாங்க, ஒரு மாசம் பாடட்டும், அதுக்குள்ள அவங்களே வேண்டாம்னு சொல்லிருவாங்கன்னு இருந்துட்டேன். அண்ணாச்சி இம்புட்டுப் பொறுமைசாலின்னு நான் கண்டேனா?"

ஹெர்மனுக்குச் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆகிவிட்டது. "தப்புப் பண்ணிட்டேன். மன்னிச்சிரு" என்றார்.

"இதைப் பாட்டுல சொல்ல நாலு மாசம் ஆச்சு. வாயால சொல்ல அரை நிமிசம்."

"பாட்டுல என்ன இருந்துச்சுன்னு உனக்கு எப்படி..."

"உங்க சட்டையைத் துவைக்கிறது யாரு? நாலு மாசமாப் பையைத் துழாவினாக் கவிதையாத்தான் வருது."

"அப்ப அன்னைக்கு ஏன் எந்திரிச்சுப் போன?"

செலஸ்டினா பேனாவை மூடி வைத்தாள். "போறதுக்கா எந்திரிச்சேன்? பாடுறதுக்கு எந்திரிச்சேன். நீங்க ம்ம்ம்னு ஆரம்பிச்சதும் மறந்துட்டாங்கன்னு தெரிஞ்சுபோச்சு. நீங்க இடியாப்பத்துக்குப் போயிட்டீங்க. தனியேன்னு குரல் மடங்கவும், வரியை எடுத்துக் குடுக்கலாம்னு எந்திரிச்சு வாயைத் திறக்கேன். ஊரே சிரிக்குது. நான் நட்டநடுவுல வாயைத் திறந்துகிட்டு நிக்கேன். எந்திரிச்சு நின்னவ சும்மா உக்கார முடியுமா? அதான் வந்துட்டேன்."

ஹெர்மன் அந்த க்ரீச்சை நினைத்துக்கொண்டார். எத்தனை ஆயிரம் தரம் அந்தச் சத்தத்தைக் கேட்டிருப்பார்! ஒருதரமாவது அவளிடம் கேட்டிருக்கலாம்.

"அப்ப என்மேல கோவம் இல்லையா?"

"இருக்கு. பதினோரு வருசக் கோவம். எங்க வைக்கன்னு தெரியாம இந்தப் பிள்ளைங்க பேப்பர்ல வச்சிருக்கேன். பாருங்க, ஒருத்தியும் பாஸாகல." பிறகு எழுந்துபோய், பீரோவில் துணிகளுக்கு அடியிலிருந்து மடித்த ஒரு காகிதத்தை எடுத்து வந்து வைத்தாள். அவர் சட்டைப்பையிலிருந்து கிடைத்த இரண்டாவது சரணம். முழுக்கச் சிவப்பு மையில் திருத்தியிருந்தது, ஓரத்தில் வட்டம் போட்டு, நாற்பதுக்குப் பதினேழு என்று மதிப்பெண் இருந்தது.

"இது என்ன எழுதியிருக்கீங்க? 'உன் தொண்டையில் இருந்த கடலை எடுத்துக்கொண்டேன்'. கடல்னு நினைச்சு எழுதியிருப்பீங்க. கேக்கிறவனுக்குக் கடலை தொண்டையில மாட்டின மாதிரில்லா இருக்கும்? முதுகுல தட்டுங்கன்னு ஆள் ஓடி வருவான்."

நாலு மாதம் உட்கார்ந்து எழுதியதில் அதுதான் ஆக நல்ல வரி என்று ஹெர்மன் நினைத்திருந்தார். அதை அவளிடம் சொல்லவில்லை.

"அலைன்னு மாத்தியிருக்கேன்" என்றாள் செலஸ்டினா. "சனிக்கிழமை எத்தனை மணிக்குப் போவீங்க?"

சனிக்கிழமை அவள் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற பருத்திச் சேலையில், பள்ளிக்கூடத்துக் கைப்பையோடு படியேறி வந்தாள். செத்தவர் பெண்டாட்டி வந்திருக்கிறாள் என்று மேசைக்கு மேசை பேச்சுப் பரவி, ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள், ஒரு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "மனசைத் தேத்திக்கோ தாயி" என்றாள். "தேத்திக்கிட்டேன்க்கா" என்றாள் செலஸ்டினா, பின்னால் வந்துகொண்டிருந்த புருஷனைத் திரும்பிப் பார்க்காமல். நேரே போய் நாலாம் மேசைக்கும் ஜன்னலுக்கும் நடுவே பாட்டுக்கு அடியில் நின்றாள். மைக் வேண்டாம் என்று ஜெபமலருக்குக் கையைக் காட்டினாள்.

பாட்டு தொடங்கியது. மைக் ஊளை, இருமல், பிறகு கடலும் நிலாவும். செலஸ்டினா அதற்குக் கீழே, படகுக்குக் கீழே தண்ணீர் போவதுபோல, இரண்டாம் குரல் கொடுத்தாள். ஆரம்பத்தில் பாட்டு தடுமாறியது. ஏழு மாதமாகத் தனியாகப் பாடியே பழகிய பாட்டு, கூட ஒரு ஆள் வந்ததும் கால் பின்னுகிற மாப்பிள்ளைபோல ஒரு தாளம் முந்தியது, ஒரு தாளம் பிந்தியது. அவள் அதற்காக நின்றாள், கிளாஸில் பின்தங்குகிற பிள்ளைக்கு நிற்பதுபோல. பிறகு இரண்டும் சேர்ந்து நடந்தன. ஜெபமலர் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மேலே ஹெர்மனின் குரல் 'இடியாப்பம் சொதியே' என்று தொடங்கியபோது, கீழே செலஸ்டினா, திருத்திய இரண்டாவது சரணத்தைப் பாடினாள், ஒரு வீட்டு வாசலில் யாரோ வந்து யாரையோ கேட்டதையும், வேறு யாரோ பதில் சொன்னதையும், உள்ளே அடுப்பில் பால் பொங்கி வழிந்ததையும் பாடினாள். பால் பொங்கியது ஹெர்மன் எழுதியதில் இல்லை. அன்றைக்குப் பால் பொங்கிய விஷயமே அவருக்கு அப்போதுதான் தெரியும்.

உச்சியில் 'தனியே' என்று மேல்குரல் ஏறி மடங்கப் போன இடத்தில், கீழேயிருந்து அவள் குரல் போய் அதைத் தாங்கிக்கொண்டது. மடங்கவில்லை. அடுத்து நாற்காலிச் சத்தம் வர வேண்டும், பிள்ளைகள் கைகளை நாற்காலியில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தார்கள், வரவில்லை. பாட்டு கடைசிவரிக்கு வந்தது, முடிந்தது, தண்ணீர் குடிக்கவில்லை. ஒரு தோசை வேகும் நேரம் எல்லோரும் நிமிர்ந்தபடி காத்திருந்தார்கள். இரண்டு தோசை நேரம் காத்திருந்தார்கள். அந்த இடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது, அப்படி ஒரு சத்தம் அந்த மின்விசிறிக்கு இருப்பதே அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

"அவ்வளவுதான்" என்றார் தவசிமணி, கல்லாவைவிட்டு எழுந்து. "ஆத்மா கரையேறிட்டுது." சொல்லிவிட்டுப் படத்தைக் கழற்றி, மாலையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். கோவில்பட்டிக்காரருக்குக் கோபம், அவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கிறோமே என்றார். கப்பல்காரர்களின் மனைவிமார் சிலர் கையில் போனோடு விழித்தார்கள், அதில் ஒருத்தி போனை நீட்டியபடியே செலஸ்டினாவிடம் வந்து, "அக்கா, லைன்ல இருக்காக. எதாவது பாடுங்க" என்றாள்.

அடுத்த வாரம் கூட்டம் பாதியாகக் குறைந்துவிடும் என்பதும், அதற்கடுத்த வாரம் இன்னும் குறைந்து, பிறகு வேறு ஜனங்கள் வேறு காரணத்துக்காக வரத் தொடங்குவார்கள் என்பதும், ஹெர்மனுக்கு மைக் ஸ்டாண்டை உயர்த்தி இறக்குகிற உத்தியோகம் நிரந்தரமாகும் என்பதும் அப்போது யாருக்கும் தெரியாது. செலஸ்டினா ஒரு கணம் யோசித்தாள். ஜெபமலர் பக்கம் குனிந்து ஏதோ சொன்னாள். ஜெபமலர் நிமிர்ந்து உட்கார்ந்து வாசிக்கத் தொடங்கினாள்.

அது ஹெர்மனுக்குத் தெரியாத பாட்டு. எங்கே கற்றாள், எப்போது பாடிப் பழகினாள், இருபத்தைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் எப்படித் தன் காதில் விழவில்லை என்று அவருக்கு விளங்கவில்லை. ஜன்னலோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டார். குரல் அவரைத் தொட்டு, மேசைகளைத் தாண்டி, ஜன்னல் வழியாக வெளியே போய்க்கொண்டிருந்தது. எங்கேயும் நிற்கவில்லை, வந்தது, போனது, போன இடத்தில் அடுத்த வரி வந்தது. முதல் சரணம் முடிந்து அவள் மூச்சு வாங்க ஒரு நொடி நிறுத்தியதும், பாட்டு முடிந்துவிட்டது என்று நினைத்து ஹெர்மன் படபடவென்று கைதட்டிவிட்டார். கடை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. செலஸ்டினாவும் பார்த்தாள், கடைசி பெஞ்சில் பேசுகிற பிள்ளையைப் பார்க்கிற பார்வை.

ஹெர்மன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவள் அடுத்த சரணத்தைத் தொடங்கினாள்.